மூன்றாம் இடமா, எட்டாம் இடமா

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குச் செல்லும் காலை வண்டியில் 2025 நவம்பர் மாதம் முழுவதும் ஒரே வழக்குதான் நடந்தது. வாஷிங்டன் சுந்தர் மட்டையாளரா, பந்துவீச்சாளரா? கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்டில் அவரை மூன்றாம் இடத்தில் இறக்கினார்கள். பந்து எழும்பியும் தாழ்ந்தும் திரும்பிய அந்த ஆடுகளத்தில் 29, 31 என இரண்டு இன்னிங்ஸிலும் நின்று ஆடினார். 124 ரன் இலக்கைத் துரத்திய இந்தியா 93 ரன்னுக்குச் சுருண்டபோது அணியில் அதிக ரன் எடுத்தவர் அவரே. அடுத்த வாரம் குவாஹாட்டியில் அதே ஆள் எட்டாம் இடத்துக்குப் போய்விட்டார். அங்கும் 48 ரன்.

"மூணுல ஆடறவன எட்டுல எறக்கினா அவன் எப்பண்ணா வளருவான்?" என்பது ஒரு கட்சி. "எங்க எறக்கினாலும் ஆடறான் பாரு, அதாம்ப்பா வளர்ச்சி" என்பது எதிர்க்கட்சி. பங்காருபேட்டையில் நான் ஏறும்போதே வழக்கு சூடாகியிருக்கும். மாலூர் தாண்டுவதற்குள் இருதரப்பிலும் சாட்சிகள் விசாரிக்கப்பட்டிருப்பார்கள். ஒயிட்ஃபீல்டில் பாதிப் பேர் இறங்கிவிடுவதால் தீர்ப்பு மட்டும் எந்நாளும் ஒத்திவைக்கப்படும்.

தங்கவயலின் தொழிலாளர் குடியிருப்புகளைப் பற்றிய வாய்மொழி வரலாறு என் ஆய்வுப்பொருள். ஆகவே வண்டியில் கேட்பதையும் குறித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. கிரிக்கெட் பேச்சுக்கென்று தனிக் குறிப்பேடு வைத்திருக்கிறேன் என்று சொன்னால் என் நெறியாளர் மகிழமாட்டார். ஆனால் அந்தக் குறிப்பேட்டைத்தான் அண்மையில் அதிகம் புரட்டுகிறேன்.

வாஷிங்டனிடம் எங்கள் ஊருக்கு ஒரு தனி உரிமை உண்டு, அல்லது உண்டென்று நினைத்துக்கொள்கிறோம். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். வீட்டில் தமிழ், ரேஷன் அட்டையில் கன்னடம். ஐபிஎல் வந்தால் ஒரே வீட்டில் மஞ்சள் சட்டையும் சிவப்புச் சட்டையும் காயும். சென்னைத் திருவல்லிக்கேணிப் பையன் 2018 முதல் 2021 வரை பெங்களூர் அணிக்கு ஆடியபோது இந்த இருபக்கமும் ஒன்றாய்க் கைதட்ட ஓர் ஆள் கிடைத்தார். அவருடைய பெயர்க் கதையும் எங்கள் ஊர் வாய்க்கு உகந்தது. அவர் தந்தை சுந்தர் வசதியில்லாத வீட்டிலிருந்து கிரிக்கெட்டுக்கு வந்தவர். அக்கம்பக்கத்தில் வசித்த பி.டி. வாஷிங்டன் என்னும் முன்னாள் ராணுவத்தினர் அவருக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினார், புத்தகமும் சீருடையும் வாங்கித் தந்தார். அந்தப் பெரியவர் 1999இல் காலமானார். அதே ஆண்டு அக்டோபரில் பிறந்த தன் மகனுக்குச் சுந்தர் அந்தப் பெயரை வைத்தார். பெயரைக் கேட்டதும் எங்கள் ஊரில் எல்லாரும் அமெரிக்கத் தலைநகரை நினைக்கமாட்டார்கள். ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் வாழ்கிறவர்களுக்கு ஆங்கிலப் பெயர் அந்நியமன்று.

வழக்கின் விவரங்களைக் கொஞ்சம் வரிசைப்படுத்திச் சொல்லவேண்டும். வாஷிங்டன் தொடக்கத்தில் மட்டையாளர். 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கும் மட்டையாளராகவே போனார். 2017 ஐபிஎல்லில் அஸ்வினுக்குக் காயம் ஏற்பட்டதால் புனே அணி 17 வயதுப் பையனைச் சுழற்பந்துக்காக அழைத்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே இந்திய அணிக்காக ஆடிவிட்டார். அதன்பிறகு சில ஆண்டுகள் அவர் இருபது ஓவர் பந்துவீச்சாளர் மட்டுமே. பெங்களூர் அணி அவர் கையில் புதுப்பந்தைக் கொடுத்தது. 2020இல் ஓவருக்கு ஆறு ரன்னுக்கும் குறைவாகக் கொடுத்தார். ஆனால் மட்டை பையிலேயே கிடந்தது. எங்கள் வண்டியின் மட்டையாளர் கட்சி அன்று தொடங்கியதுதான்.

2021 ஜனவரியில் பிரிஸ்பேன். அணியில் பாதிப் பேர் காயம்பட்டு வீடு திரும்பிவிட்ட நிலையில், வலைப்பயிற்சியில் பந்துவீசுவதற்காக நிறுத்திவைக்கப்பட்டிருந்தவரை டெஸ்டில் இறக்கினார்கள். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அவர் முதல்தர ஆட்டம் ஒன்றுகூட ஆடியதில்லை. 186க்கு 6 என்ற நிலையில் ஷர்துல் தாக்கூருடன் சேர்ந்து 123 ரன் சேர்த்தார். அதே ஆண்டு இங்கிலாந்துக்கு எதிராகச் சென்னையில் 85, அகமதாபாத்தில் 96. இரண்டிலும் ஆட்டமிழக்கவில்லை, மறுமுனையில்தான் ஆள் இல்லாமல் போயிற்று. நான்கு டெஸ்டுகளில் சராசரி 66. அதன்பின் அடுத்த டெஸ்டுக்கு மூன்றரை ஆண்டுகள்.

இந்த மூன்றரை ஆண்டுகளைப் பற்றித்தான் வண்டியில் அதிகம் பேசுகிறார்கள், எனக்கும் அதுவே முக்கியமாகப் படுகிறது. விரலில் முறிவு, கொரோனா, தோள்பட்டை, தொடைத் தசை என்று ஒவ்வொரு பருவத்திலும் ஒரு தடை. இடையிடையே ஒருநாள் ஆட்டம், இருபது ஓவர் ஆட்டம். எப்போதும் பதினைந்து பேரில் ஒருவர், எப்போதாவது பதினொருவரில் ஒருவர். 2025 ஐபிஎல் தொடக்கத்தில் ஒரு ரசிகர், இந்தியாவின் சிறந்த பதினைவரில் இடம்பெறும் சுந்தருக்குப் பத்து அணிகளில் ஒன்றில்கூட இடமில்லாதது எப்படி என்று கேட்டு எழுதியபோது, கூகுள் தலைவர் சுந்தர் பிச்சையே தனக்கும் அந்த ஐயம் உண்டு என்று பதிலிட்டார். அந்த வாரம் எங்கள் வண்டியில் பிச்சை மட்டையாளர் கட்சியில் சேர்க்கப்பட்டார்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2024 அக்டோபரில் தில்லிக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் மூன்றாம் இடத்தில் இறங்கி 152. அந்தச் சதத்தின் சூடு ஆறுமுன் டெஸ்டுக்கு அழைப்பு. புனேயில் நியூசிலாந்துக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 59 ரன்னுக்கு 7 விக்கெட், ஆட்டம் முழுவதும் சேர்த்து 11. மட்டைக்காகப் பேசியவர்களுக்கு இது பெரிய சங்கடம். 2025 ஜூலையில் மான்செஸ்டரில் ஐந்தாம் இடத்துக்கு உயர்த்தப்பட்டு, ஜடேஜாவுடன் நின்று, 206 பந்தில் ஆட்டமிழக்காமல் 101. இப்போது சங்கடம் பந்துக் கட்சிக்கு.

வண்டியில் நாங்கள் 'பெரியப்பா' என்று அழைக்கும் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர் ஒருவர் உண்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் தரைக்குக் கீழே வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது வேலையிழந்து, அன்றிலிருந்து பெங்களூரில் காவலாளி. அவர் எந்த வழக்கையும் சிவராமகிருஷ்ணனிடம் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்.

"பதினேழு வயசுல எறக்குனாங்க. இருபதுல முடிச்சு வுட்டாங்க. கல்லு வெச்சிப் பழுக்க வெச்ச மாம்பழம்ப்பா அது."

சீனிவாசபுரம் மாம்பழம் தின்று வளர்ந்த கோலார் மாவட்டத்தில் இந்த உவமைக்கு விளக்கம் தேவையில்லை. தோல் மஞ்சளாக இருக்கும், உள்ளே புளிக்கும். ஆனால் உண்மை அந்த உவமைக்குள் அடங்குவதாக எனக்குத் தோன்றவில்லை. சென்னைப் பையன் லட்சுமணன் சிவராமகிருஷ்ணன் 1983இல் மேற்கிந்தியத் தீவுகளில் 17 வயதில் டெஸ்ட் ஆடினார். அன்றைக்கு அவரைவிடக் குறைந்த வயதில் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடியவர் யாருமில்லை. 1984இல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக 12 விக்கெட், அடுத்த தில்லி டெஸ்டில் ஒரே இன்னிங்ஸில் 6. மறு ஆண்டு மெல்போர்னில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் பாகிஸ்தானின் மியாண்டாத் இவர் பந்தில் ஏமாந்து ஸ்டம்பிங் ஆனதைப் பெரியப்பா கைவிரல்களைச் சுழற்றி நடித்துக் காட்டுவார். 1986 ஜனவரியில் சிட்னியில் கடைசி டெஸ்ட். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அவருக்கு இருபது வயது நிரம்பியிருந்தது. ஒன்பது டெஸ்ட், 26 விக்கெட், அவ்வளவே.

பழம் பழுக்கவில்லை என்கிறார் பெரியப்பா. நன்றாகவே பழுத்தது. அடுத்த பருவத்தில் காய்க்கவில்லை என்றவுடன் மரத்தை வெட்டிவிட்டார்கள் என்பது என் கட்சி. லெக் ஸ்பின் என்பது மணிக்கட்டின் வேலை. அது ஓர் ஆண்டு வரும், ஓர் ஆண்டு போகும்.

இதற்குச் சாட்சியாக நான் கும்ப்ளேயை அழைப்பதுண்டு. பெங்களூர்க்காரர் என்பதால் வண்டியில் எதிர்ப்பு குறைவு. அனில் கும்ப்ளே 1990 ஆகஸ்டில் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடினார், வயது 19. சச்சின் டெண்டுல்கரின் முதல் டெஸ்ட் சதமும் அதே ஆட்டத்தில்தான். பெரிதாகச் சோபிக்கவில்லை. அடுத்த டெஸ்ட் 1992 அக்டோபரில்தான். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் அவர் கர்நாடகத்துக்கு ஆடினார், பொறியியல் படிப்பை முடித்தார், இரானி கோப்பை ஆட்டம் ஒன்றில் 13 விக்கெட் எடுத்தார், திரும்பி வந்தார். ஓய்வுபெறும்போது 619 விக்கெட். இரண்டு பேரும் ஏறத்தாழ ஒரே வயதில் வெளியே அனுப்பப்பட்டவர்கள். ஒருவருக்கு வெளியே ஒரு கூரை இருந்தது. இன்னொருவருக்கு என்ன இருந்தது என்று வண்டியில் ஒருவரும் கேட்டதில்லை. "தலைக்கனம்ப்பா" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். இருபது வயதுப் பையனைப் பற்றி ஒரு ரயில் பெட்டி இவ்வளவு உறுதியாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

ஒயிட்ஃபீல்டில் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு இரவுப்பணி பார்க்கும் தம்பி ஒருவர், பகல் பணிக்கு மாற்றப்பட்ட வாரங்களில் எங்களுடன் வருவார். அந்நாட்டுக் கல்லூரிக் கால்பந்தின் பித்தர். அது நாம் உதைக்கும் கால்பந்து அன்று. கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது. அதில் குவார்ட்டர்பேக் என்பவன்தான் ஒவ்வொரு முறையும் பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று சில நொடிகளில் முடிவெடுக்கிறவன். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள். அந்த வயதுப் பையன் தேறுவானா, அவனை இந்த ஆண்டே இறக்கலாமா, அடுத்த ஆண்டு வரை நிறுத்திவைக்கலாமா என்று ஊர் ஊராக வழக்கு நடக்குமாம். "அப்படியே நம்ம வண்டிதாண்ணா" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு ஏற்பாடு என்னை நெடுநாள் யோசிக்கவைத்தது. அங்கே கல்லூரி வீரன் ஒருவன் நான்கு பருவங்கள் ஆடலாம். ஆனால் அதற்கு ஐந்து ஆண்டுகள் அவகாசம். ஒரு பருவம் முழுவதும் அவனை ஆட்டத்தில் இறக்காமல் பயிற்சியில் மட்டும் வைத்துக்கொள்ளலாம், அந்தப் பருவம் அவன் கணக்கில் கழியாது. 2018 முதல் நான்கு ஆட்டங்கள்வரை ஆடினால்கூட அந்த ஆண்டு கழியாது என்று விதியைத் தளர்த்தினார்கள். அப்படி நிறுத்திவைப்பதற்கு 'ரெட்ஷர்ட்' என்று பெயர். பயிற்சியில் அவர்கள் அணிந்த சிவப்புச் சட்டையிலிருந்து வந்ததாம். உதவித்தொகை, உணவு, வகுப்பு எல்லாம் தொடரும். அதாவது காத்திருப்பதற்கு ஒரு பெயரும் ஒரு சட்டையும் ஒரு சாப்பாட்டு மேசையும் வைத்திருக்கிறார்கள்.

ஜோ பர்ரோ என்பவரை அவர் எடுத்துக்காட்டினார். ஒஹையோ மாநிலத்தின் தென்கிழக்கில், நிலக்கரிச் சுரங்கங்கள் ஓய்ந்துபோன ஏழைப் பகுதியில் வளர்ந்தவர். 2015இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முதல் ஆண்டு சிவப்புச் சட்டை, அடுத்த இரண்டு ஆண்டுகள் மாற்று வீரர். ஒரு ஆட்டத்தைக்கூட அவர் தொடங்கியதில்லை. 2018இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2019 பருவத்தில் 60 டச்டவுன்களுக்குப் பந்தெறிந்து, 15 ஆட்டங்களில் ஒன்றும் தோற்காமல் அணியைத் தேசியப் பட்டத்துக்குக் கொண்டுசென்றார். கல்லூரி வீரர்களுக்கான மிகப் பெரிய விருதை வாங்கிய மேடையில் அவர் தன் ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் போதிய உணவில்லாமல் இருப்பதைப் பேச, அந்த வட்டாரத்து உணவுக் கிடங்குக்கு நாடெங்கிலுமிருந்து நன்கொடை குவிந்தது. இதைக் கேட்டுப் பெரியப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "சொரங்கம் மூடுன ஊரா?" என்று மட்டும் கேட்டார்.

ரசிகர்கள் 'வளர்ச்சி' என்று பேசுவதெல்லாம் பையனின் உடம்புக்குள்ளும் மனத்துக்குள்ளும் நடக்கும் ஏதோ ஒன்றைப் பற்றியதாகவே இருக்கிறது. பொறுமை, உறுதி, தலைக்கனம், 'செட்' ஆவது, ஆகாதது. குறிப்பேட்டை முதலிலிருந்து புரட்டினால் எனக்கு வேறொன்று தெரிகிறது. வாஷிங்டனின் மூன்றரை ஆண்டுக் காத்திருப்புக்கு ஒருவர் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார். 2022இல் ஐதராபாத் அணி அவரை 8.75 கோடிக்கு எடுத்தது. காயம்பட்ட தோளுக்கு மருத்துவர் இருந்தார், தேறிவர அகாதெமி இருந்தது, திரும்பி வந்து 152 அடிக்கத் தமிழ்நாட்டு அணியில் மூன்றாம் இடம் இருந்தது. இவையெல்லாம் அவர் உழைப்பைக் குறைப்பவை அல்ல. ஒரு காது கேளாத ஒருவர் நூறாயிரம் பேர் கூச்சலுக்கு நடுவே ஓட்டத்துக்கு அழைப்பதும் மறுப்பதும் எளிதன்று. ஆயினும் உழைப்பு எல்லாரிடமும் இருக்கிறது. காத்திருப்புக்குக் கூலி எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

எங்கள் ஊர் காத்திருப்பில் பட்டம் பெற்ற ஊர். சுரங்கம் மீண்டும் திறக்கும் என்ற பேச்சு ஒவ்வொரு தேர்தலுக்கும் வரும், போகும். அதை நம்பிப் பெங்களூர் வேலைக்குப் போகாமல் நான்கைந்து ஆண்டுகளை இழந்தவர்களை நான் ஆய்வுக்காகச் சந்தித்திருக்கிறேன். அவர்களைச் சோம்பேறிகள் என்று அவர்கள் பிள்ளைகளே சொல்வதையும் பதிவு செய்திருக்கிறேன். மட்டையாளர் கட்சியில் பெரும்பாலும் காத்திருந்து கெட்டவர்களும், "எங்க எறக்கினாலும் ஆடறவன்" கட்சியில் கிடைத்த வேலைக்கெல்லாம் உடனே போய்ப் பிழைத்தவர்களும் இருப்பதை நான் முதலில் கவனிக்கவில்லை. கவனித்தபின் அந்த வழக்கை வெறும் கிரிக்கெட்டாகக் கேட்க இயலவில்லை.

சாம்பியன் ரீஃப் லைன் வீடுகளில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான். வயது 19, ஆஃப் ஸ்பின். சயனைடு மேட்டுக்குக் கீழே உள்ள திடலில் பழகியவன். காற்றடித்தால் அந்த மேட்டுப் புழுதி பந்தைவிட வேகமாக வரும். பாட்டன் சுரங்கத்தில், அப்பன் பெங்களூரில் பெயின்ட் வேலை. சென்ற ஆண்டு பெங்களூர் லீக் கிளப் ஒன்றில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். வாரம் மூன்று நாள் வண்டியேறிப் பயிற்சிக்குப் போனான். கிளப்பில் பணம் கிடையாது, பந்து உண்டு. அவன் அப்பா ஓராண்டு அவகாசம் கொடுத்தார். அந்த வீட்டு வரவுக்கு ஓராண்டு என்பது பெரும் கொடை. சிவப்புச் சட்டை என்று நான் சொல்லிக்கொள்வேன், அவரிடம் சொன்னதில்லை.

அந்த ஓராண்டு அக்டோபரில் முடிந்தது. பையன் முதல் அணியில் ஐந்து ஆட்டம் ஆடியிருந்தான், ஒன்பது விக்கெட். தேறுவானா என்று யாராலும் சொல்லமுடியாத கணக்கு. இன்னும் ஓராண்டு வேண்டும் என்றார் பயிற்சியாளர். நரசாபுரம் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றார் சித்தப்பா. வீட்டில் என்னையும் அழைத்துக் கேட்டார்கள். படித்தவன் என்பதற்காக. ஏழாவது ஆண்டாக ஆய்வு செய்துகொண்டிருக்கும் ஒருவனிடம், அதுவும் உதவித்தொகை நின்றுபோன ஒருவனிடம், காத்திருக்கலாமா என்று கேட்பதில் ஒரு வேடிக்கை உண்டு. என் அம்மாவின் தையல் எந்திரம்தான் என் சிவப்புச் சட்டை. இரண்டையும் விடவேண்டாம், வேலைக்குப் போ, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதே என்றேன். பயிற்சியாளருக்கு இது பிடிக்கவில்லை. வாரத்துக்கு ஒருநாள் பந்தைத் தொடுகிறவன் சுழற்பந்தாளன் ஆகமாட்டான் என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. வேறு வழியை அவரும் சொல்லவில்லை.

நவம்பரில் வேலையில் சேர்ந்தான். வாரத்துக்கு ஒரு முறை பணிநேரம் மாறும். லீக் நடக்கும் மாதங்களில் சனிக்கிழமை இரவுப்பணி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான். இரவு முழுவதும் வேலை, காலையில் அப்படியே மைதானம், இதுதான் அவன் போட்ட கணக்கு. மேற்பார்வையாளர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

சென்ற ஞாயிறு இரவு பங்காருபேட்டை நிலையத்துக்கு வெளியே பானிபூரிக் கடையில் அவனைப் பார்த்தேன். எங்கள் ஊர் பானிபூரியின் நீர் கண்ணாடிபோல் நிறமற்று இருக்கும், உறைப்பு நாக்கில் பட்டபிறகே தெரியும். தோளில் பை, பாதி மூடிய கண்கள்.

"எத்தன ஓவர் போட்ட?"

"ஒம்போதுண்ணா. ரெண்டு விக்கெட்."

"பேட்டிங்?"

"வரலண்ணா. மூணு விக்கெட்லயே ஜெயிச்சிட்டாங்க."

இன்னொரு தட்டுச் சொன்னேன். வேண்டாம் என்றான். பத்து மணிக்குக் கம்பெனிப் பேருந்து.